கீமோ நடக்கும்போது சிறுநீரகத்தைக் காக்க மூலிகை கொடுக்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. தொண்டைப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுடன், மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏற்றுகிறார்கள். முதல் தவணைக்குப் பிறகு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவான கிரியாட்டினின் 0.9-லிருந்து 1.4 ஆகிவிட்டது. மூக்கிரட்டைக் கஷாயமும் குர்குமின் மாத்திரையும் சிறுநீரகத்தைக் காக்கும் என்று சொல்லி, உறவினர் ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரையையும் அனுப்பியுள்ளார். கொடுக்கலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இப்போது இரண்டையும் கொடுக்க வேண்டாம். கிரியாட்டினின் ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்திருப்பதைத் தீவிரச் சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலையாகவே கருத வேண்டும்.

உறவினர் அனுப்பிய கட்டுரை பொய்யென்று நான் சொல்லவில்லை. சிஸ்பிளாட்டினைச் சிறுநீரக நுண்குழல்களின் செல்கள் இரத்தத்திலிருந்து இழுத்துத் தமக்குள் சேர்த்துக்கொள்வதால், அங்கே ஆக்சிஜனேற்றச் சேதம் ஏற்பட்டுச் செல்கள் மடிகின்றன. மஞ்சளிலுள்ள குர்குமின், வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின் போன்றவை இந்தச் சேதத்தைக் குறைப்பதை எலிகளில் பலரும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அச்சோதனைகள் பலவற்றில் எலிகளுக்குப் புற்றுநோயே கிடையாது. ஆகவே சிறுநீரகச் செல்லைக் காத்த பொருள் புற்றுச் செல்லையும் சேர்த்துக் காத்துவிடுமா என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது என்பதால் மாத்திரைகளில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அது மற்ற மருந்துகளைக் கையாளும் கல்லீரல் நொதிகளிலும் குறுக்கிடக்கூடியது. குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை.

மூக்கிரட்டை சிறுநீரைப் பெருக்கும் மூலிகை. வாந்தியால் ஏற்கெனவே நீர்ச்சத்து குறைந்திருப்பவருக்கு அது மேலும் வற்றினால், சிஸ்பிளாட்டினின் நச்சு கூடவே செய்யும். மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்றும் நினைக்க வேண்டாம்: 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்கச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததற்கு அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நச்சே காரணம். நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் அந்த அமிலமுள்ள செடிகளின் இனத்தைச் சேர்ந்ததுதான்.

நிரூபணமான பாதுகாப்பு, கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் உப்புநீர்தான். மருந்துக்கு முன்னும் பின்னும் போதிய அளவு சலைனும், தேவைக்கேற்ப மெக்னீசியமும் ஏற்றுகிறார்களா என்று கேளுங்கள். டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். வீட்டில் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை அவருடைய இதயத்தின் நிலையறிந்து மருத்துவரே சொல்ல வேண்டும். வாந்தி நிற்காமலோ சிறுநீர் குறைந்தோ போனால் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த தவணைக்கு முன் கிரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் பரிசோதிப்பது அவசியம். அந்த அளவுகளைப் பார்த்து, தவணையைத் தள்ளிவைக்கவோ, அளவைக் குறைக்கவோ, கார்போபிளாட்டின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றவோ மருத்துவர் முடிவெடுப்பார். மாத்திரை ஏற்கெனவே வாங்கியிருந்தால் அட்டையோடு அவரிடம் காட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கொடுத்திருந்தாலும் மறைக்க வேண்டாம்.