வாசகர் கேள்வி – பதில்: தூரத்துப் போரும் நம் வீட்டுத் தொலைபேசியும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் போர்களைப் பற்றியவையாக இருந்தமையால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவர் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். காஸாவில் தொடங்கி ஈரான் வரை, போர் விவாதங்களை யூடியூபில் இரவு இரண்டு மணி வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘உலகம் எரியும்போது எப்படித் தூங்குவது?’ என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். இது அக்கறையா, நோயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: நோய் என்று சொல்ல நான் வைத்தியன் அல்லன், அம்மா. ஆனால் உங்கள் கணவரின் தலைமுறைக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். லண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசை 1941 மே 3 அன்று, இரண்டாம் உலகப் போரின் நடுவில் ஆரம்பிக்கப்பட்டது. அதன் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நிறுத்தப்படும் வரை, நம் நாட்டில் நடந்ததை வேற்று நாட்டு வானொலியில் கேட்டறிந்தவர்கள் நாம். மின்சாரமில்லாத வீடுகளில் பற்றரியைச் சேமித்து வைத்து, அந்த நேரத்துக்கு மட்டும் பெட்டியைத் திறந்து, சுற்றியிருந்தவர்களைச் ‘சத்தம் போடாதீர்கள்’ என்று அதட்டிக் கேட்ட காதுகள் அவை. அந்த அரை மணி நேரம் முடிந்ததும் பெட்டி மூடப்பட்டது. அதன் பிறகு வேலியோரத்தில் நின்று கேட்டதைப் பேசினார்கள், பிறகு தூங்கினார்கள்.

இன்றைய பெட்டிக்கு மூடும் நேரம் இல்லை. ஒரு காணொளி முடிவதற்குள் அடுத்தது தானாகவே தொடங்கிவிடுகிறது; அதுவும் முன்னதைவிடச் சற்று உரத்த குரலில். வரைபடத்தின் முன்னால் கையை ஆட்டிப் பேசும் அந்த ‘இராணுவ ஆய்வாளர்கள்’ மீது எனக்கு மதிப்பு மிகக் குறைவு என்பதை மறைக்கவில்லை. ஒரு மணி நேரப் பேச்சைப் பிழிந்தால், செய்தி என்று இரண்டு வரிகூடத் தேறாது. இராப் போசனத்தின்போது உங்கள் கணவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ‘இன்று அங்கே எந்த ஊரில் என்ன நடந்தது, யார் சொன்னார்கள்?’ ஊரையும் ஆளையும் சொன்னாரானால் அவர் போரைக் கவனிக்கிறார். யார் வெல்கிறார்கள் என்று மட்டும் சொன்னாரானால், அவர் பார்த்துக்கொண்டிருப்பது கிரிக்கெட். முதலாவது வகையினராக இருந்தால், காலையில் ஒரு நேரமும் மாலையில் ஒரு நேரமும் எழுத்தில் வரும் செய்தியை வாசிப்பதே அவருக்குப் போதும் என்பதை அவரே ஒத்துக்கொள்வார். இரண்டாவது வகையினராக இருந்தால் தொலைபேசியை மின்னேற்றியுடன் சேர்த்துக் கூடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள், படுக்கையறைக்குள் வேண்டாம்.

கேள்வி: என் அக்கா குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். 2025 ஜூனில் ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே 12 நாட்கள் போர் நடந்தபோது, ஒரு நாள் இரவு குவைத்தின் வான்வெளியே மூடப்பட்டது என்று கேட்டு உம்மா மயங்கி விழுந்துவிட்டார். அங்கே மறுபடி ஏதும் நடந்தால் இங்கிருந்து நாங்கள் என்ன செய்ய முடியும்?
– தெமட்டகொடை வாசகி

பதில்: உங்கள் கேள்விக்கு 1990இலிருந்து தொடங்கிப் பதில் சொல்ல வேண்டும். அவ்வருடம் ஓகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தினுள் படையெடுத்தபோது, சுமார் ஒரு இலட்சம் இலங்கையர் அங்கிருந்தனர்; அவர்களில் மிகப் பலர் உங்கள் அக்காவைப் போன்ற பணிப்பெண்கள். உடுத்த உடையோடு, பாலைவன வழியாக ஜோர்தானுக்கு வந்து, கூடாரங்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்று, பிறகு விமானமேறிக் கட்டுநாயக்கவில் இறங்கியவர்கள் இன்றும் கொழும்பின் தோட்டங்களில் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஒருவரையாவது சந்திப்பீர்கள்.

அந்தக் கதையில் பலருக்குத் தெரியாத பகுதி அதற்குப் பின்னால் வந்தது. போர் முடிந்ததும் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1991இல் ஜெனீவாவில் ஓர் இழப்பீட்டு ஆணைக்குழுவை அமைத்து, ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தது. 1990 ஓகஸ்ட் 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையே ஈராக்கையோ குவைத்தையோ விட்டு வெளியேறியவர் என்று காட்ட முடிந்த தனிநபருக்கு 2,500 அமெரிக்க டொலரும் குடும்பத்துக்கு 5,000 டொலரும் என நிலையான தொகை வகுக்கப்பட்டது. வேறு வகையில் கோரிக்கை விடுப்பதில்லை என்று இணங்கியவர்களுக்கு அது முறையே 4,000, 8,000 டொலராக இருந்தது. அந்த ஆணைக்குழு 2022 ஜனவரியில் கடைசித் தவணையைச் செலுத்தியபோது, மொத்தம் சுமார் 5,240 கோடி டொலர் கைமாறியிருந்தது. அமைச்சுகளும் எண்ணெய்க் கம்பனிகளும் வாங்கிய பெருந்தொகைகளோடு, சாதாரண பணிப்பெண்களின் கோரிக்கைகளும் அதே கதவால்தான் உள்ளே போயின. கோரிக்கை போவதற்குத் தேவைப்பட்டது, அவர் அங்கே இருந்தார், அங்கிருந்து வெளியேறினார் என்பதற்கான ஒரு சான்று.

ஆகவே உம்மாவைத் தேற்றிய பிறகு ஒரு வேலை செய்யுங்கள். அக்காவின் கடவுச்சீட்டின் படப் பக்கம், விசாப் பக்கம், வேலை ஒப்பந்தம், குவைத் அடையாள அட்டை, எசமானரின் முழுப்பெயர், வீட்டு இலக்கம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கிடைத்தவுடன் அச்சிட்டு, வீட்டுக் காணி உறுதி இருக்கும் அதே உறைக்குள் வையுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருடைய பதிவு செல்லுபடியாகிறதா என்பதை 1989 என்ற அவசர இலக்கத்தில் கேட்டறியலாம். குவைத்திலுள்ள இலங்கைத் தூதரகத்தின் எண்ணை அக்கா தொலைபேசியில் மட்டுமன்றிக் காகிதத்திலும் எழுதி வைத்திருக்கட்டும். எசமானர் வீட்டில் தொலைபேசியைப் பிடுங்கி வைப்பது நடக்காத காரியமல்ல. இன்னொன்று: சைரன் ஒலித்த இரவில் நீங்கள் பத்துப் பேர் மாறி மாறி அழைத்தால் அவருடைய பற்றரிதான் தீரும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசி, மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

கேள்வி: போர்க் காணொளிகளைப் பகிர்வதால் பொலிசார் பிடிப்பார்களா? நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– இளைஞர், மருதானை

பதில்: தம்பி, பயம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல முடியவில்லை. 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியமைக்காக 22 வயது இளைஞர் ஒருவர் கைதாகி, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டு, பெருங் கண்டனத்துக்குப் பின் ஏப்ரலில் விடுவிக்கப்பட்டார். ஒரு ஸ்டிக்கருக்கு அந்தச் சட்டம் என்பது வெட்கக்கேடு என்பதே என் கருத்து. அதோடு இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. ஒரு நாட்டின் அரசையோ படையையோ கண்டிப்பது உங்கள் உரிமை. ஒரு மதத்தினரையோ இனத்தினரையோ தாக்கும்படி தூண்டுவது குற்றம். அந்த எல்லைக் கோட்டை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது, அது தெரியாத அதிகாரியின் முன்னால் நிற்க நேர்ந்தால் உதவும்.

ஆனால் சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் பகிர்வது உண்மையா என்பதே. ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சிகள், உக்ரேன் போரிலும் காஸாப் போரிலும் விமானம் வீழ்த்தப்படும் ‘நேரடிக் காட்சி’ என்று உலகம் முழுவதும் பரவின; அதைத் தயாரித்த நிறுவனமே 2022 நவம்பரில் அறிக்கை விட்டு, எவ்வாறு கண்டுபிடிப்பது என்று விளக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலும் இருட்டு, மங்கல், ஆட்டம், ஒலி இல்லாமை ஆகியவை ஒன்றாக இருக்கும் என்பது அவர்கள் சொன்ன அடையாளம். காணொளியில் ஒரு கணத்தை நிறுத்திப் படமாக்கி கூகுளின் படத் தேடலில் இட்டால், அது எத்தனை வருடத்துக்கு முந்தியது என்பது பல வேளைகளில் அகப்பட்டுவிடும். ஒரு பொய்ப் படம் அம்பலமானதும், அதே தெருவில் உண்மையாகவே செத்த பிள்ளையின் படத்தையும் ‘இதுவும் நடிப்புத்தான்’ என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போகிறான். அந்த வசதியை அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2009இல் முள்ளிவாய்க்காலில் எங்கள் சனம் செத்தபோது எந்த நாட்டவர் தெருவுக்கு வந்தார்? இன்று நாம் மட்டும் ஏன் மற்றவர்களின் போருக்காகக் கண்ணீர் விட வேண்டும்?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் பலர்; கோபத்தில் அல்ல, களைப்பில் கேட்டவர்கள். அதனால் அவசரப்படாமல் பதில் சொல்கிறேன்.

யாரும் வரவில்லை என்பது முழு உண்மையல்ல. 2009 ஏப்ரல் முதல் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் கூடினார்கள். மே 10 அன்று டொரொண்டோவில் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மவர்கள் என்பது சரி. ஆனாலும் புதுமாத்தளன் கடற்கரையிலிருந்து காயக்காரர்களைக் கப்பலேற்றி வெளியே கொண்டுவந்தது சர்வதேச செஞ்சிலுவைக் குழு. அந்த வேலையைச் செய்த எத்தனையோ பேருக்கு நம் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

உலகம் பார்க்கவில்லை என்பதும் சரியல்ல. பார்த்தவர்கள் பேசவில்லை என்பதுதான் நடந்தது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, சனம் அலுவலக வாசலில் கூடி, ‘போகாதீர்கள்’ என்று மன்றாடியது. பின்னர், அப்போதைய ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் நியமித்து சார்ள்ஸ் பெற்றி தலைமையில் அமைந்த உள்ளக மீளாய்வுக் குழு 2012 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, தம்மிடமிருந்த இழப்புக் கணக்கை வெளிப்படுத்தத் தவறியது உட்பட, ஐ.நா. தன் கடமையில் தோற்றது என்று ஒப்புக்கொண்டது. நமக்கு நேர்ந்த அநீதிகளில் ஒன்று, தெரிந்தவர்கள் வாய் மூடியிருந்தது. அப்படியிருக்க, இன்று நமக்குத் தெரிகின்ற ஒன்றைப் பற்றி வாய் மூடியிருப்பதை அந்த அநீதிக்குரிய பதிலடியாக நினைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். காஸாவுக்காக ஊர்வலம் போகும் சிலர் முள்ளிவாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. முள்ளிவாய்க்காலுக்காக விளக்கேற்றும் சிலர் 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றிப் பேசுவதில்லை. வெளிநாட்டுப் போரில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, உண்மையில் பக்கத்துத் தெருக்காரனோடு சண்டை பிடிக்கிறோம். கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு இதை நீங்கள் என்னைவிட நன்றாகவே பார்த்திருப்பீர்கள். கண்ணீர் விடும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அங்கே செத்த பிள்ளையின் கணக்கை, இங்கே உங்களுக்கும் மற்றவருக்கும் உள்ள கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

கேள்வி: மத்திய கிழக்கில் வெடித்தால் பெற்றோல் நிரப்பி வைக்க வேண்டுமா?
– முச்சக்கர வண்டிச் சாரதி, கிராண்ட்பாஸ்

பதில்: 2022இன் வரிசைகளில் இரவு பகலாக நின்ற உங்களிடம் ‘பதற வேண்டாம்’ என்று சொல்வது எனக்குச் சுலபம். உலகம் பாவிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈரானுக்கும் ஓமானுக்கும் இடையிலுள்ள ஹோர்முஸ் நீரிணையூடாகப் போகிறது. ஒடுங்கிய இடத்தில் அதன் அகலம் சுமார் 33 கிலோமீற்றர். அங்கே தடை வந்தால் விலை ஏறும், அதில் ஐயமில்லை. ஆனால் 2022இல் நம்மை வரிசையில் நிறுத்தியது நீரிணை அல்ல, கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லாமை. தாங்கியை வழமைபோல் நிரப்புங்கள். கானில் நிரப்பி வீட்டுக் குசினியில் வைக்காதீர்கள். அந்த வருடம் அப்படி வைத்த வீடுகள் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி: போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு என்று புறக்கோட்டையில் உண்டியல் குலுக்குகிறார்கள். போடலாமா?
– பம்பலப்பிட்டி வாசகி

பதில்: பற்றுச்சீட்டுத் தராத உண்டியலில் போடாதீர்கள். 2024இல் இப்தார் செலவை மிச்சம் பிடிக்கும்படி அமைச்சுகளைக் கேட்டு, காஸாச் சிறுவர் நிதியத்துக்கு அரசாங்கம் பத்து இலட்சம் டொலர் சேர்த்து ஐ.நா.வின் பலஸ்தீன அகதிகள் முகவரகத்தினூடாக அனுப்பியது. பொதுமக்களும் வங்கிக் கணக்கில் பணமிட்டார்கள். கணக்கு இலக்கமும் பெறுபவரின் பெயரும் தெரிந்த அத்தகைய வழியில், சிறு தொகையானாலும், அனுப்புங்கள். உண்டியல் குலுக்கும் பையனைத் திட்ட வேண்டாம். அவனை அனுப்பியவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: என் தம்பி முன்னாள் இராணுவ வீரர். ரஷ்யாவில் முன்னரங்குக்குப் பின்னால் சமையல் வேலை, மாதச் சம்பளம் இலட்சக்கணக்கில் என்று ஒரு முகவர் சொல்கிறார். வீட்டில் கடன் இருக்கிறது. விடலாமா?
– மட்டக்குளி வாசகர்

பதில்: விடாதீர்கள். 2024 மேயில் அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சரே, ரஷ்ய–உக்ரேன் போரில் குறைந்தது 16 இலங்கையர் கொல்லப்பட்டதாக அறிவித்தார். அவர்களில் பலரும் உங்கள் தம்பியைப் போல ஓய்வுபெற்ற படையினர். பின்னணி வேலை என்று நம்பிப் போய்ப் பதுங்கு குழியில் நிறுத்தப்பட்டதாகத் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். அவ்வருட இறுதியில், ஐரோப்பாவுக்கென்று புறப்பட்ட வடக்கு இளைஞர்கள் சிலரும் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாகப் பெற்றோர் முறையிட்டார்கள். ரஷ்ய மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் சமையல் என்று இருந்ததா, சண்டை என்று இருந்ததா என்பதைக் கையெழுத்திட்ட பலர் அறியவில்லை. கடன்காரரிடம் தவணை கேட்கலாம். அந்த முகவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிம இலக்கத்தைக் கேளுங்கள், தடுமாறுவார். தம்பியின் கடவுச்சீட்டு அவர் கையில் இருந்தால் இன்றே போய் வாங்கி வாருங்கள், தர மறுத்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள்.