பந்தும் நாயும் புத்தக வேனும்

கேள்வி: எண்பதுகளில் மதுரையில் படித்த ஒரு சிறுவர் புத்தகத்தை இரண்டு வருடமாகத் தேடுகிறேன். ஒரு இங்கிலாந்துப் பையன் தன் அழகான பந்தைக் காருக்கு அடியில் எறிவான், கடைசியில் நாயாக மாறிவிடுவான். தலைப்பு மறந்துவிட்டது. அப்பா ஒரு புத்தக வேனில் வாங்கித் தந்தது. கேட்டவர்கள் எல்லாம் கையை விரிக்கிறார்கள். பழைய சிறுவர் நூல்கள் மேல் இங்கே யாருக்கும் அக்கறை இல்லையா?

பதில்: அக்கறை இருக்கிறது ஐயா, ஆனால் நீங்கள் எல்லோரையும் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டீர்கள். அந்தப் பையன் ரஷ்யப் பையன். அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’, தமிழில் நா. முகம்மது செரீப். பந்து வருவது முதல் கதையிலேயே.

நாயாக அவன் மாறுவதில்லை. பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டவர்களிடம் இரவுக் காவலாளி, ஐஸ்கிரீம் விற்பவர் என்று நாளுக்கு ஒன்றாகச் சொல்லி வந்தவன், ஒரு கட்டத்தில் நாயாக வேண்டும் என்று முடிவு செய்து நாலு காலில் ஓடிக் குரைத்துப் பழகுவான், காலால் காதைச் சொறிவது மட்டும் வராது. அதைப் படித்த வயதில் அவன் நாயாகவே ஆகிவிட்டதாக உங்களுக்குத் தோன்றியிருந்தால் அதில் தப்பே இல்லை. ஆனால் தேடுபவரிடம் அதை நடந்த கதையாகச் சொன்னால் அவர் மாயாஜாலக் கதைகளுக்குள் போய்விடுவார், அங்கே இந்தப் புத்தகம் கிடையாது.

என்னைக் கேட்டால், உங்கள் கடிதத்தில் உருப்படியான தகவல் ஒன்றே ஒன்றுதான், அதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். புத்தக வேன். எண்பதுகளின் தமிழ்நாட்டில் வேனில் வந்த வெளிநாட்டுச் சிறுவர் நூல் என்றால் முதலில் நினைக்க வேண்டியது நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டியை. மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும், 1982க்குப் பிறகு ராதுகா பதிப்பகமும், தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்கள் அந்த வண்டியில்தான் ஊர் ஊராக வந்தன. மொழிபெயர்ப்பாளர்கள் பலர் மாஸ்கோவுக்கே போய்த் தங்கி வேலை செய்தார்கள். கெட்டியான தாள், நல்ல படங்கள், சம்பளக்காரர் யோசிக்காமல் வாங்கக்கூடிய விலை. 1991இல் சோவியத் நாடு உடைந்ததும் அந்த வரத்து நின்றுபோனது. உங்கள் தலைமுறையில் இவ்வளவு பேர் தலைப்பு தெரியாமல் தேடிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் இனி தேடுபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கதையைக் கோர்வையாக்கிச் சொல்லாதீர்கள், கோர்வையாக்கும்போது விட்டுப்போன இடத்தை நாமே இட்டு நிரப்பிவிடுகிறோம், உங்கள் ‘இங்கிலாந்து’ அப்படி வந்ததுதான். எங்கே வாங்கியது, யார் கொடுத்தது, அட்டை தடியா மெல்லிசா, படம் வண்ணமா கறுப்பு வெள்ளையா, பையனின் பெயர் வாயில் நுழைந்ததா இல்லையா, இதையெல்லாம் முதலில் எழுதுங்கள். கதையில் ஞாபகம் இருக்கும் துண்டுகளைத் துண்டாகவே கொடுங்கள், ஒட்ட வேண்டாம்.

இன்னொன்று. காது வலியால் அழுத மகளைத் தேற்ற, தன் சின்ன வயதுக் கதைகளை ஒரு அப்பா சொல்லச் சொல்ல உருவான புத்தகம் இது. உங்களுக்கு வாங்கித் தந்தவரும் அப்பாதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இருக்கிறார் என்றால், எங்களுக்கு எழுதும் முன் அவரிடம் கேட்டீர்களா? வேன் எந்தத் தெருவில் நின்றது என்பதுகூட அவருக்கு நினைவிருக்கலாம்.