தம்பி அனுப்பும் போனில் டவர் எடுக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் தம்பி, தான் பயன்படுத்திய போனை எனக்கு அனுப்புவதாகச் சொல்கிறான். நம்ம ஊர் சிம் அதில் வேலை செய்யுமா? – ஒரு வாசகி, தென்காசி

பதில்: உங்கள் கேள்வி என்னை 2004-க்குக் கொண்டுபோய்விட்டது. அந்த வருடம் சிகாகோவில் இறங்கி போனை ஆன் செய்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. என் போனுக்குத் தெரிந்தது 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் மட்டும். அங்கே ஜிஎஸ்எம் (அன்று நம் ஊரிலும் இருந்த செல்போன் நெட்வொர்க் முறை) ஓடியது 850, 1900-ல். நான்கும் எடுக்கும் 'குவாட் பேண்ட்' போன் இருந்திருந்தால் இரண்டு நாட்டிலும் பேசியிருக்கலாம்.

இப்போது அப்படி ஒரேயடியாகக் கைவிடாது. ஆனால் 4ஜி-க்கு நம் நாட்டில் 850, 900, 1800, 2100, 2300, 2500 என்று பல அலைவரிசைகள். இதில் 2300, அதாவது பேண்ட் 40, அங்கே விற்கும் சில போன்களில் இருக்காது. டவர் காட்டும், கூட்டமான பஸ் ஸ்டாண்டில் நெட் ஊர்ந்து போகும். 5ஜி வேண்டுமென்றால் என்78 என்ற அலைவரிசை அவசியம். ஜியோ சிம் என்றால் வோல்ட்டியும் (4ஜி வழியாகவே பேசும் வசதி) ஓட வேண்டும். ஜியோ நெட்வொர்க்கில் 2ஜி, 3ஜி கிடையாது.

அப்புறம், தவணையில் வாங்கிய போன் அங்குள்ள நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்கலாம்; அப்படியென்றால் வேறு சிம் எடுக்காது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதல் சிம் தட்டே இல்லை, இசிம் (போனுக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் சிம்) மட்டும்தான். பார்சல் போடும் முன்பே மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் பேண்ட் பட்டியல் இருக்கும்.