சனிக்கிழமை ரிப்போர்ட் வரட்டும், பேக்கேஜ் அப்புறம்

கேள்வி: எனக்கு 34 வயது. ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் ஜவுளி கம்பெனியில் வேலை பார்க்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து ஐவிஎஃப் சிகிச்சைக்கு வந்திருக்கிறோம். இதுவரை 1,95,000 செலவு. திங்கட்கிழமை 11 முட்டை எடுத்தார்கள். அதில் 8 முதிர்ந்தவை, 6 கருவுற்றிருக்கின்றன என்று மறுநாள் போன் வந்தது. எத்தனை கரு நன்றாக வளர்ந்திருக்கிறது என்று சொல்லும் ஐந்தாம் நாள் ரிப்போர்ட் சனிக்கிழமை.

இதற்கிடையில் மருத்துவமனையில், இன்னும் இரண்டு முழு சிகிச்சைக்கு இப்போதே பேக்கேஜ் எடுத்தால் 4,00,000 ஆவது 3,10,000 தான், இந்த வாரம் மட்டும்தான் என்கிறார்கள். 18 மாத வட்டியில்லா இஎம்ஐ வசதியும் உண்டாம். கருவை உறைய வைக்க வருடத்துக்கு 25,000, பிறகு கர்ப்பப்பையில் வைக்க 60,000, மரபணு பரிசோதனை வேண்டுமானால் ஒரு கருவுக்கு 18,000. எங்களிடம் 3,50,000 ஒரு வருட எஃப்டி இருக்கிறது, முதிர இன்னும் 4 மாதம். நகை 22 பவுன். 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் 9 மாதம் கட்டியாகிவிட்டது. எஃப்டியை உடைக்கவா, நகையை வைக்கவா, இஎம்ஐ போடவா, சீட்டைத் தள்ளி எடுக்கவா? வேலையை விட்டுவிட்டு ஓய்வெடு என்று மாமியார் வேறு சொல்கிறார்.

பதில்: சனிக்கிழமைக்கு முன்பே உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் இதைக் கேள்வி வந்த அன்றே உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

எந்தப் பணத்தை எடுப்பது என்று கேட்கிறீர்கள். எதற்குக் கட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 11 எட்டாகி, எட்டு ஆறானதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். ஐந்தாம் நாளில் ஆறும் பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு, அதாவது கர்ப்பப்பையில் வைக்கவோ உறைய வைக்கவோ ஏற்ற வளர்ச்சிக்கு, வருவது அபூர்வம். இரண்டு, மூன்று வந்தாலே நல்ல செய்தி என்பார்கள். ஒன்று ஆறாம் நாள் வரை இழுத்துக்கொண்டும் வரலாம். இந்த எண் தெரியாமல் அடுத்த படியின் விலையை யாராலும் சொல்ல முடியாது. பேக்கேஜை மட்டும் அதற்கு முன்பே விற்கப் பார்க்கிறார்கள்.

மூன்று கரு கிடைத்து உறைய வைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை தங்கவில்லை என்றால் அடுத்த முயற்சிக்கு மறுபடி ஊசி, மயக்க மருந்து, முட்டை எடுப்பது எதுவும் வேண்டாம். உறைந்திருக்கும் கருவை எடுத்து வைத்தால் போதும், அதாவது 60,000. இரண்டு லட்சம் தேவையே இல்லை. மாறாக, சனிக்கிழமை ஒரு கருகூட இல்லை என்று வந்தால்? மருத்துவர் மருந்தின் அளவையே மாற்ற நினைப்பார். நீங்களும் கோயம்புத்தூரிலோ சேலத்திலோ இன்னொரு மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பீர்கள். அப்போது கட்டிய 3,10,000 உங்களை அதே இடத்தில் கட்டிப்போட்டிருக்கும். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் பேக்கேஜ் இன்றைக்கு அவசரமில்லை.

கணக்காகவே பார்ப்போம். இரண்டு முறையும் முழுதாகத் தேவைப்பட்டால்தான் உங்களுக்கு 90,000 மிச்சம். ஒரு முறை போதும் என்றால் 2,00,000 ஆக வேண்டிய இடத்தில் 1,10,000 கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். ஒன்றுமே தேவைப்படாமல் இந்தக் கருவே தங்கிவிட்டால், நாம் எல்லோரும் வேண்டுவது அதைத்தான், பணம் திரும்ப வராது என்ற விதி இருந்தால் 3,10,000 அப்படியே போச்சு. எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும், ஊசி மருந்து பேக்கேஜில் சேர்த்தியா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஊசி பெரும்பாலும் தனி பில்லாகத்தான் வரும். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில்.

‘வட்டியில்லா’ இஎம்ஐ என்றால் மாதம் 17,222. சீட்டுக்கு 10,000 ஏற்கெனவே போகிறது. மீதி 34,778ல் வீட்டு வாடகை முதல் மருந்து வரை. கர்ப்பம் தங்கி, ஏதோ காரணத்தால் சம்பளமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தாலும் இஎம்ஐ நிற்காது. ரொக்கமாகக் கட்டினால் இன்னும் குறைப்பீர்களா என்று கவுன்டரில் சும்மா கேட்டுப் பாருங்கள். குறைத்தால் அந்தத் தொகைதான் மறைந்திருக்கும் வட்டி. கடன் தரும் நிதி நிறுவனம் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றைக் கையெழுத்துக்கு முன் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பிராசசிங் கட்டணம் உட்பட ஆண்டுக்கு எத்தனை சதவீதம் விழுகிறது என்பது அதில் இருக்கும்.

என் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. ஐந்தாம் நாள் போனுக்குக் காத்திருந்த வாரத்தில் ஒரு மருத்துவமனை கவுன்டரில் கேட்டதையெல்லாம் கிரெடிட் கார்டில் தேய்த்தேன். மாதம் மூன்றரை சதவீத வட்டி. பணத்தைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்வதே என் தொழில், ஆனாலும் தேய்த்தேன். மறுத்தால் குழந்தைக்கே ஏதோ குறை வைத்த மாதிரி இருந்தது.

சரி, உண்மையில் உடனே தேவைப்படக்கூடியது உறைய வைக்க 25,000, கர்ப்பப்பையில் வைக்க 60,000, ஆக 85,000. எஃப்டியின் மேல் ஓவர்டிராஃப்ட் கேளுங்கள், அதாவது எஃப்டியை உடைக்காமல் அதன் பேரில் வங்கி தரும் கடன். வழக்கமாக வைப்புத் தொகையில் 90 சதவீதம் வரை, எஃப்டி வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதல் வட்டிக்குத் தருவார்கள். எட்டு சதவீதம் என்று வைத்தாலும் 4 மாதத்துக்கு வட்டி சுமார் 2,270 ரூபாய். எஃப்டியை உடைத்தால் ஒரு சதவீத அபராதம், 8 மாதத்துக்கு 2,330 அளவில் வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மறைக்கவில்லை. ஆனால் உடைத்த எஃப்டியின் மீதி 2,65,000 சேமிப்புக் கணக்கில் கிடந்தால், பேக்கேஜ் பேசுகிறவர் அடுத்த முறை போன் செய்யும்போது அது அங்கே போய்விடும். அதற்காகத்தான் ஓவர்டிராஃப்ட் என்கிறேன். நகை இப்போதைக்குப் பீரோவிலேயே இருக்கட்டும். இன்னொரு முழு சிகிச்சை தேவைப்பட்டால் அதுதான் கடைசிக் கையிருப்பு.

எஃப்டியில் ஒரு லட்சத்தைப் பிரசவத்துக்கு என்று மனதளவில் ஒதுக்கிவிடுங்கள். தனியாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் குழந்தையின்மை சிகிச்சை பொதுவாக விலக்கு; பிரசவச் செலவுக்கும் பல பாலிசிகளில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கணவரின் கம்பெனியில் குரூப் பாலிசி இருந்தால் அதில் பிரசவத்துக்கு எவ்வளவு என்று நாளைக்கே கேட்கச் சொல்லுங்கள். வேலையை மட்டும் விடாதீர்கள். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. ராஜினாமா செய்தால் அதுவும் போய்விடும். அத்தைக்கு இதைக் கணவர் சொல்வதுதான் நல்லது.

சனிக்கிழமைக்கு முன் நீங்கள் முடிவெடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று, மரபணு பரிசோதனை. ஐந்தாம், ஆறாம் நாளில்தான் கருவிலிருந்து செல் எடுப்பார்கள், பிறகு கேட்டால் வசதிப்படாது. மூன்று கருவுக்கு 54,000. முடிவு வரும் வரை உறைய வைக்க வேண்டியிருப்பதால் மாதமும் தள்ளும். தேவையா இல்லையா என்பது மருத்துவ விஷயம், நான் சொல்லக்கூடாது. ‘34 வயதில் எனக்கு இது எதற்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும்’ என்று மருத்துவரிடமே கேளுங்கள், கவுன்டரில் அல்ல. ஆணா பெண்ணா என்பது அந்த ரிப்போர்ட்டில் வராது, சட்டம் தடுத்திருக்கிறது. வீட்டில் யாராவது அந்த ஆசையில் சரி என்று சொல்லியிருந்தால் இப்போதே தெளிவாக்கிவிடுங்கள்.

உறைய வைப்பதற்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அதிகபட்சம் 10 வருடம் வரை வைத்திருக்கலாம். தேதியை காலண்டரில் எழுதுங்கள்.

சீட்டை நீங்கள் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். இந்த மாதம் ஏலம் கேட்க வேண்டாம். மற்றவர்கள் தள்ளி எடுக்கட்டும், அவர்கள் விட்டுக்கொடுக்கும் கழிவில் உங்களுக்கும் ஒரு பங்கு வரும்.