ஜின்னியின் வழக்கு

அன்புள்ள அக்கா,

நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண். ஆறு வருடமாக, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவில், டக்ளஸ் நகரத்தில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே அக்டோபர் 31 இரவை ஹாலோவீன் என்று சொன்னால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். ஹாப்-டு-நே என்றுதான் சொல்ல வேண்டும். மரபுப்படி பூசணிக்காய் கிடையாது. டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி, பிள்ளைகள் வீடு வீடாகப் போய் ஜின்னி என்ற சூனியக்காரியைப் பற்றிப் பாடி மிட்டாயும் சில்லறையும் வாங்குகிறார்கள். என் ஒன்பது வயது மகள் தானும் போவேன் என்று அடம்பிடிக்கிறாள். எனக்கு அது பிச்சை எடுப்பது போலப் படுகிறது. சூனியக்காரி பாட்டு வேறு. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இங்கே பஸ் ஒரு பாலத்தைக் கடக்கும்போது பெரியவர்கள்கூடத் தேவதைகளுக்கு ஹலோ சொல்கிறார்கள். இவ்வளவு படித்த நாட்டில் இப்படி ஒரு மூடநம்பிக்கையா என்று சிரிப்பு வந்தது. நம் ஊர்ப் பேய்களைப் பற்றி மகள் கேட்பாள். பயந்துவிடுவாள் என்று நான் எதையும் சொன்னதில்லை. அவளை அனுப்பலாமா, வேண்டாமா?

க., டக்ளஸ்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். நாங்குநேரிக்குத் தெற்கே எங்கள் ஊரில், வடக்குத் தோட்டத்துக் கமலைக் கிணற்றை மூடிவிட்டார்கள். ஜேசிபி வந்து இரண்டு நாளில் நிரவி, கல் ஊன்றி, பிளாட் நம்பர் எழுதியாயிற்று. அந்தக் கிணற்றில் ஒருத்தி இருந்தாள். மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அவளுக்குப் பயந்து வளர்ந்தோம். கிணறே இல்லாமல் போனபின் அவள் எங்கே போவாள் என்ற நினைப்போடு, கொண்டுவந்த பையைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது உங்கள் ஜின்னி வந்து சேர்ந்தாள். இல்லாவிட்டால் ‘அனுப்புங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருப்பேன்.

சர்ச் விஷயத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. அந்தத் தீவு மெதடிஸ்ட் சபை ஆழமாக வேரூன்றிய இடம். ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போன வீட்டுப் பிள்ளைகள்தான் தலைமுறை தலைமுறையாக இந்தப் பாட்டைப் பாடிவந்திருக்கிறார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று குடும்பம் குடும்பமாகப் போய்ச் சமாதிகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஊர்ப்பக்கம் உங்களுடையது. இரண்டு நாள் முன்னால் இன்னொரு ஊர் கிழங்குக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறது. இதற்கு மேல் இதில் என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் ‘பிச்சை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. டிசம்பர் மாதம் உங்கள் ஊரில் கேரல் ரவுண்ட்ஸ் வந்து பாடுகிற பிள்ளைகளுக்குக் கேக்கும் காணிக்கையும் கொடுத்ததில்லையா? குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவர்களைப் பாருங்கள். லாரி வைத்திருப்பவரும் கடை வைத்திருப்பவரும் காளி வேஷமும் குரங்கு வேஷமும் கட்டி, தெருத்தெருவாகப் போய்க் கையேந்தி, கிடைத்ததை முத்தாரம்மன் உண்டியலில் போடுகிறார்கள். ஊரில் எல்லோர் வாசலிலும் நின்று வாங்கினால்தான் அந்த நேர்த்திக்கடன் நிறைவேறும். டக்ளஸில் உங்கள் மகள் நாற்பது வாசலில் நின்று பாடினால், நாற்பது வீட்டுக்காரர்களுக்கு அவள் முகம் தெரியும். ஆறு வருடத்தில் உங்களுக்கு எத்தனை வீட்டுக்காரர்களைத் தெரியும், சொல்லுங்கள்.

பாலத்தில் ஹலோ சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரித்ததற்கும் திட்டியாக வேண்டும். டக்ளஸிலிருந்து காசில்டவுன் போகும் சாலையில் இருக்கும் பாலம் அது. பழைய மேன்காரர்கள் தேவதை என்ற சொல்லைக்கூட எளிதில் வாயில் எடுக்க மாட்டார்கள். ‘சின்ன ஆட்கள்’ என்பார்கள், இல்லாவிட்டால் வெறுமனே ‘அவர்கள்’ என்பார்கள். இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான், எனக்கு அது உடனே புரிகிறது. நம் ஊர் பஸ்ஸில் கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும், குருசடி வந்ததும் நெற்றியில் சிலுவை வரைந்துகொள்கிறவர்களும் உங்கள் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே சிரிக்காதவர் இங்கே ஏன் சிரித்தீர்கள்? அடுத்த தடவை நீங்களும் சொல்லுங்கள். அந்த மண்ணில் சம்பாதித்துச் சாப்பிடுகிறீர்கள்.

டர்னிப்பைக் குடைந்து பார்த்திருக்கிறீர்களா? பூசணி அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் அங்கே கண்டெடுத்த வசதி. கத்தியை வைத்தால் சதை வழிவிடும். டர்னிப் அப்படியல்ல, பச்சையாக இருக்கும்போது கட்டைபோல இருக்கும். ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டி மணிக்கட்டு வலிக்கும். மெழுகுவர்த்தி ஏற்றியதும் உள்பக்கம் வெந்து ஒரு வாடை வரும். அந்த வாடைதான் அந்த இரவு என்று தீவைவிட்டுப் போனவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பூசணிக்கு இது எதுவும் கிடையாது. மகளோடு உட்கார்ந்து குடையுங்கள்.

முன்பு இந்த இரவு பிள்ளைகளுக்கு மட்டுமானதாக இருக்கவில்லை. உருளைக்கிழங்கும் மீனும் வெண்ணெயும் சேர்த்து மசித்துச் சாப்பிட்டு, மிச்சத்தை அந்தச் ‘சின்ன ஆட்களு’க்காகத் தண்ணீரோடு வைத்துவிட்டுப் படுப்பார்கள். கல்யாணமாகாத பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு ரொட்டி சுட்டு, பேசாமலே தின்று, பின்னோக்கி நடந்து போய்ப் படுக்க வேண்டும். கனவில் வருகிறவன் மாப்பிள்ளை. அடுப்புச் சாம்பலைச் சமமாகப் பரப்பி வைத்து, விடிந்ததும் அதில் காலடி பார்ப்பார்கள். விரல்கள் வாசலைப் பார்த்திருந்தால் அந்த வீட்டில் ஒரு சாவு, குதிகால் வாசல் பக்கம் இருந்தால் ஒரு பிறப்பு. இந்தச் சாம்பலை நான் மறக்கவே மாட்டேன். வருகிறவரும் போகிறவரும் ஒரே அடுப்பங்கரையில் கால் வைக்கிறார்கள்.

இனி ஜின்னி. பாட்டில் ஜின்னி ஒரு வீட்டுக்கு மேலே பறக்கிறாள், எலியை அடிக்கக் குச்சி எடுக்கப் போகிறாள். உங்கள் மகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆறு வருடம் அந்த ஊரில் இருந்தும் அவள் யார் என்று நீங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. ‘சூனியக்காரி’ என்ற சொல் காதில் விழுந்ததும் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

அவள் பெயர் ஜோனி லவுனி. டக்ளஸை ஒட்டிய பிராடன் பகுதிக்காரி. 1715-லும் 1716-லும் அவளைச் சூனியக்காரி என்று விசாரித்தார்கள். அவள்மீது வந்த பெரிய குற்றச்சாட்டு, பல்லாட்டனில் இருந்த தானிய மில்லை ஓடவிடாமல் நிறுத்திவிட்டாள் என்பது. ஒரு மில் நிற்க எத்தனை காரணம் இருக்கும்! கல் தேயும், பல்சக்கரம் முறியும், ஆட்கள் சரியில்லாமல் போகும். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு பெண் கிடைத்தாள். பதினான்கு நாள் சிறை, 3 பவுண்டு அபராதம். அதோடு தீவின் நான்கு சந்தைச் சிலுவைகளின் அடியிலும் ஊரார் பார்க்க நிற்க வேண்டும். சந்தைச் சிலுவை என்றால் சந்தை கூடும் இடத்தின் நடுவில் நட்டிருக்கும் சிலுவை. முட்டை விற்க வந்தவள், மீன் வாங்க வந்தவன், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் நடுவே அவள் நிற்கிறாள். ஓர் ஊரில் நின்று முடித்தால் அடுத்த ஊர். அதற்கு நூறு வருடம் முன்னால், 1617-ல், காசில்டவுன் சந்தையில் ஒரு தாயையும் மகனையும் சூனியம் செய்தார்கள் என்று எரித்தே கொன்றார்கள். அதோடு ஒப்பிட்டால் ஜோனி தப்பித்தாள் என்று சொல்வார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நாலு ஊர் பார்க்க நிறுத்தப்பட்டவள் அதன்பிறகு எந்த வாசலில் போய் நெருப்புக் கேட்டிருப்பாள், யார் கொடுத்திருப்பார்கள்?

இப்போது எங்கள் கிணற்றுக்காரியைப் பற்றிச் சொல்கிறேன்.

அவள் உச்சி வெயிலில்தான் வருவாள். தலைவிரி கோலமாகக் கிணற்றுப் படியில் உட்கார்ந்து, போகிறவர்களிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்பாள். கொடுக்கக் குனிந்தால் உள்ளே இழுத்துவிடுவாள். இதுதான் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. கிணற்றுக்குள்ளேயே இருக்கிறவள் எதற்குத் தண்ணீர் கேட்கிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் உங்கள் மகள் வயதுதான் இருக்கும். ஒரு நாள் ஆச்சியோடு அந்த வழியே வந்தேன். நான் ஆச்சியின் சேலைக்குள் ஒண்டிக்கொண்டேன். ஆச்சியோ கிணற்றுப் பக்கம் போய், கையிலிருந்த தூக்குவாளியைச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீரைப் படியில் ஊற்றினாள். மடியிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்து வைத்தாள். “ஏட்டி, என்னத்துக்குப் பயப்படுத? அவ எனக்குச் சேக்காளில்லா” என்றாள்.

இருவரும் ஒரே வருடம் அந்த ஊருக்கு வாழ வந்தவர்கள். ஒரு மரக்கால் நெல்லை எடுத்துப் பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்று அவள்மீது பழி. கோயில் முன்னால் கூட்டம் கூடி, ஒத்துக்கொள்ளும்வரை வெயிலில் நிறுத்தினார்கள். காலையிலிருந்து உச்சிவரை நின்றாள். தண்ணீர் கேட்டாள். ஒருவரும் கொடுக்கவில்லை. ஆச்சி செம்பை எடுத்திருக்கிறாள். மாமியார் கையைப் பிடித்திருக்கிறாள். ஆச்சிக்கு அப்போது வயது பதினாறு. அன்று ராத்திரியே அந்தப் பெண் கிணற்றுக்குப் போய்விட்டாள்.

நெல் ஊருக்கு மறந்துபோனது. கூட்டம் கூட்டியவர்களின் பெயரும் மறந்துபோனது. தாகம் மட்டும் பேயிடம் தங்கிவிட்டது. பயந்து ஓடிய பிள்ளைகள் ஒவ்வொருவரும் அந்த ஒரு சாட்சியை அடுத்த பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஓடியிருக்கிறோம், அது சாட்சி என்று தெரியாமலே. ஆச்சி சொன்ன அன்றிலிருந்து எந்தப் பேய்க்கதை கேட்டாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இவளுக்கு என்ன நடந்தது? உச்சி வேளையில் வருகிறாள் என்றால் உச்சி வேளையில் ஏதோ நடந்திருக்கிறது. பிள்ளையைக் கேட்டு அழுகிறாள் என்றால் அவள் பிள்ளையை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் இதை ஊரே அறியும். இசக்கியம்மன் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர்கள் ராத்திரி முழுக்க என்ன பாடுகிறார்கள்? எங்கே பிறந்தாள், யாரை நம்பினாள், எந்த இடத்தில் கொன்றான் என்று அவளுடைய வழக்கைத்தானே? அதைக் கேட்டுத்தான் அம்மன் இறங்கி ஆடுகிறாள். எங்கள் கிணற்றுக்காரிக்கு வில்லுப்பாட்டு அமையவில்லை. ஜின்னிக்கு ஒரு பாட்டு அமைந்தது, ஆனால் அதில் மில்லும் இல்லை, சந்தையும் இல்லை. பறப்பது மட்டும் இருக்கிறது.

அதற்காகப் பாட்டைப் பாட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பாட்டு இல்லாவிட்டால் 300 வருடம் கழித்து உங்களையும் என்னையும் அவள் எட்டியிருக்க மாட்டாள். பாடட்டும். பாடுகிற பிள்ளைக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்வது உங்கள் வேலை, நீங்கள் அம்மா. நம் ஊர்ப் பேய்களைச் சொன்னால் பயந்துவிடுவாள் என்கிறீர்கள். பயப்படட்டும், ஒரு ராத்திரி உங்களைக் கட்டிக்கொண்டு தூங்கட்டும். சொல்லாமல் விட்டால் இசக்கியை அவள் என்றைக்காவது ஒரு செல்போன் வீடியோவில் வெள்ளைச் சேலைக்காரியாகப் பார்ப்பாள். அதைத்தான் விரும்புகிறீர்களா?

அந்தத் தீவுப் பிள்ளைகளை லேசாக நினைக்காதீர்கள். மேன் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் நெட் மாட்ரெல் 1974 டிசம்பர் 27 அன்று இறந்தார். 2009-ல் யுனெஸ்கோ அந்த மொழி அழிந்துவிட்டது என்று பட்டியல் போட்டது. செயின்ட் ஜான்ஸ் ஊரில் மேன் மொழியிலேயே பாடம் நடக்கும் ஆரம்பப் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே படித்த பிள்ளைகள் யுனெஸ்கோவுக்கு மேன் மொழியில் கடிதம் எழுதினார்கள்: எங்கள் மொழி அழிந்துவிட்டது என்றால் இந்தக் கடிதத்தை எந்த மொழியில் எழுதியிருக்கிறோம்? யுனெஸ்கோ பட்டியலைத் திருத்தியது. இதை வாசித்த அன்று நான் அழுதேன். அந்தப் பிள்ளைகளோடுதான் உங்கள் மகள் வளர்கிறாள்.

டக்ளஸிலிருந்து பீல் போகும் வழியில் கூரையில்லாத ஒரு பழைய தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள், செயின்ட் டிரினியன். அதன் கூரையைத் திரும்பத் திரும்பப் பிய்த்தெறிந்த பூதத்தின் கதையை அவளிடமே கேளுங்கள். ஒரு தையல்காரன் உள்ளே உட்கார்ந்து, பூதம் தரையைப் பிளந்துகொண்டு எழ எழ, ஒரு கால்சட்டையைத் தைத்து முடித்துவிட்டு ஓடுவான். பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பதிலுக்கு நீங்கள் ஒன்று சொல்லலாம்.

எங்கள் கிணற்றுக்காரியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவளை நிறுத்தியவர்களின் பேரன்மாரும் அவளுடைய பிறந்த வீட்டாரும் இன்னும் அதே பக்கத்தில்தான் இருக்கிறார்கள். என் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் ஊருக்குப் போனபோது, கிணறு இருந்த இடம் எந்த பிளாட்டில் வருகிறது என்று அளந்து பார்த்து, பாட்டில் தண்ணீரை அங்கே ஊற்றிவிட்டு வந்தேன்.

ஹாப்-டு-நே பாட்டு ஊருக்கு ஊர் மாறும். டக்ளஸ் பிள்ளைகள் பாடுவது வேறு, பீல் பிள்ளைகள் பாடுவது வேறு. உங்கள் மகள் எதைப் பாடுகிறாள் என்று கேட்டு, அவள் குரலிலேயே பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள்.