கிராமத்தில் இருந்துகொண்டு, அறிவியல் படிக்காமல், அறிவியல் புனைகதை எழுத முடியுமா?

எழுதலாம். நான் எழுதினேன், திரும்பி வந்தது. அது வேறு விஷயம்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் யாரோ சிரித்திருக்கிறார்கள் போல. என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். நான் பி.காம்., மன்னார்குடிப் பக்கம். 2012-ல் ஒரு கதைப் போட்டிக்கு அனுப்பினேன். ஆளில்லாமல் பறக்கிற எந்திரம் ஒன்று ராத்திரியில் சம்பா வயலுக்குப் புகையான் பூச்சிக்கு மருந்து அடிக்கும். விடிந்தால் ஊரில் யாருக்கும் வேலை இருக்காது. இதுதான் கதை. எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம். "டெல்டாக்காரர் நீங்க, மண்வாசனையா எழுதுங்களேன்" என்று போனில் சொன்னார்கள். டெல்டாக்காரன் கதையில் மாடு இருந்தே தீரவேண்டும் போலிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து பொறியாளராக வேலை பார்த்த சுஜாதா, எந்திர நாயை வைத்துத் தொடர்கதை எழுதியபோது யாராவது அவரிடம் மண்வாசனை கேட்டார்களா? (அவரோடு என்னை ஒப்பிடுவதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

பத்து வருஷம் கழித்து எங்கள் வயலுக்கு நிஜமாகவே ட்ரோன் வந்தது. பத்து லிட்டர் டேங்க். ஏக்கருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் கதை பலித்துவிட்டது என்று வரப்பில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அப்புறம்தான் கவனித்தேன், நான் எழுதாதது எல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. இறக்கினால் கொதிக்கிறது, ஆறினால்தான் சார்ஜ் போடலாம். அதற்கு டாடா ஏஸில் ஒரு ஜெனரேட்டர், காவலுக்கு ஒரு பையன். கரண்ட் கம்பி போகிற மூலையில் பறக்க முடியாது என்று அரை மா நிலத்துக்குக் கையால் அடிக்க விட்டுப் போனார்கள். மருந்து கலக்கத் தண்ணீர்? வாய்க்காலிலிருந்து குடத்தில் தூக்கிவந்தது எங்கம்மா. முன்னே கைத்தெளிப்பானுக்கும் அவர்தான் தூக்கினார்.

"ஏண்டா, பறக்கத் தெரிஞ்சதுக்குத் தண்ணி மோந்துக்கத் தெரியாதா?" என்றார்.

என் கதையில் அந்தக் குடம் இல்லை. போட்டியில் தோற்றது அதனால் இல்லை, ஆனால் தோற்க வேண்டிய கதைதான்.

இதில் பெரிய ஆட்களும் சறுக்கியிருக்கிறார்கள். பூமியோடு சேர்ந்தே சுற்றுகிற செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் 1945-லேயே எழுதிவிட்டார். ஆனால் அவர் மனதில் இருந்தது ஆள் குடியிருக்கும் நிலையம். அன்றைய ரேடியோ வால்வுகள் அடிக்கடி போகும், மாற்ற ஆள் வேண்டுமே! பின்னால் வால்வுக்குப் பதிலாக வந்த டிரான்சிஸ்டர் அவர் கணக்கில் வரவில்லை. அவர் இல்லாத ஆளை ஏற்றினார், நான் இருந்த ஆளை இறக்கிவிட்டேன்.

ரோபோ என்ற சொல்லே 1920-ல் செக் நாட்டுக் காரெல் சாபெக் எழுதிய நாடகத்தில் வந்தது. அவர்கள் மொழியில் ரொபோட்டா என்றால் பண்ணைக்குச் செய்யும் கட்டாய வேலை. தஞ்சாவூர் ஜில்லாவில் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை என் தாத்தா செய்தது கிட்டத்தட்ட அதுதான். அறிவியல் படிக்கவில்லையே என்று நீங்கள் கவலைப்படுவது இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பாக வருகிறது. சர்க்யூட்டை யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

நான் எந்திரத்துக்கு எதிரி இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மருந்து நெடியில் அம்மா இருமியதை ராத்திரி முழுக்கக் கேட்டவன் நான். எனக்குக் கோபம் இருப்பது ஒரே ஒரு எந்திரத்தின் மேல்தான்: நெல் கொள்முதல் நிலையத்து ஈரப்பத மீட்டர். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டை திரும்பும். காலையில் 19 காட்டிய அதே குவியல், உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தவருக்கு மதியம் 17 காட்டியது. வெயில் காய்ந்திருக்கும் என்பீர்கள். அன்றைக்கு மழை மூட்டம்.

அதை வைத்துத்தான் இப்போது அடுத்த கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு பக்கம் வந்திருக்கிறது.