வக்கீல் படிப்பும் எம்.எல்.ஏ. கனவும்: ஏற்காட்டு அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, ப்ளஸ் டூ முடித்த உங்கள் மகள் "வக்கீலாகி எம்.எல்.ஏ. ஆவேன்" என்கிறாள், எஸ்டேட் கூலியில் இது நடக்குமா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் சேர்த்துவிடுங்கள். ஆனால் வக்கீல் தொழிலை அரசியலுக்கான படிக்கட்டாக மட்டும் அவள் பார்க்கக் கூடாது.

எம்.எல்.ஏ. ஆகச் சட்டப் பட்டம் தேவையில்லை. 25 வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போட்டியிடலாம். உள்ளாட்சித் தேர்தலுக்கு 21 வயதே போதும். அப்புறம் ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இருப்பவை இரண்டே, மற்றது சேந்தமங்கலம். இந்த மலையின் பழங்குடியினரான மலையாளி சமூகத்துப் (கேரளத்து மலையாளி அல்ல) பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

சேலத்திலேயே ராஜாஜியைப் பாருங்கள். 1900இல் இங்கே வக்கீலாகத் தொழில் தொடங்கினார். கோர்ட்டில் நல்ல பேர் வாங்கிய பிறகு, 1917இல்தான் நகராட்சித் தலைவரானார். சென்னை மாகாணப் பிரதமரானது (இன்றைய முதலமைச்சர் பதவி மாதிரி) 1937இல். நடுவில் சிறைவாசமும் உண்டு. இவ்வளவு காலம் தாங்கியதற்கு முதலில் கைகொடுத்தது தொழில்தான்.

உங்கள் மகளுக்கும் அதையே சொல்வேன். ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு கிடைக்கும், சேலத்திலேயே கல்லூரி இருக்கிறது. படிப்பு முடித்தவர்களை வக்கீலாகப் பதிவு செய்வது பார் கவுன்சில்; அந்தப் பதிவுக்குப் பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நிஜமான சிரமம் அதற்குப் பிறகு. சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கும் முதல் சில வருஷங்களில் கையில் பெரிதாக எதுவும் நிற்காது. வீட்டில் இதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அந்த வருஷங்களில் அவள் பட்டா, 2006 வன உரிமைச் சட்டம் (காட்டு நிலத்தில் பழங்குடியினருக்கு உரிமை தருவது), சாதிச் சான்றிதழ் வழக்குகளை எடுக்கட்டும். மலைக் கிராமங்களில் இவற்றுக்கு நம் பிள்ளைகளே வக்கீலாக வருவது எவ்வளவு பெரிய விஷயம்! அப்படி வீடு வீடாகத் தெரிந்த பிறகு ஓட்டு கேட்கப் போகட்டும். தோற்றாலும் தொழில் கையில் இருக்கும். ஜெயித்தாலும் எம்.எல்.ஏ.க்கள் வக்கீலாகத் தொடர 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது.

சரி, இப்போதைக்கு ஒரே வேலை. பழங்குடியினர் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் கோட்டாட்சியருக்கு உடனே விண்ணப்பியுங்கள். கல்லூரி சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் முதலில் கேட்பது அதைத்தான்.